பாவாடை நாடாவும் ஸ்டோமாவும்: இந்த மாதக் கேள்விகள்

எனக்குக் கொலஸ்டமி வைத்து, அதாவது பெருங்குடலை வயிற்றில் போட்ட ஓட்டை வழியாக வெளியே எடுத்து மலம் பையில் விழும்படி வைத்து, 11 வருஷம் ஆகிறது. வயிற்றில் தெரிகிற அந்தக் குடல் வாய்தான் ஸ்டோமா. அதை ஒருமுறை இடம் மாற்றியும் ஆயிற்று. நான் டாக்டர் இல்லை, பை மாற்றிப் பழகின கை, அவ்வளவுதான்.

அக்கா, குழித்தறியில் உட்கார்ந்தாலே, பையைத் தோலோடு ஒட்டுகிற தட்டின் ஓரம் தூக்கிக் கசிகிறது. இரண்டு நாள்கூட நிற்பதில்லை. இடம் மாற்றச் சொல்லலாமா? (அம்மாபேட்டை)

அவசரப்படாதீர்கள் தம்பி. கண்ணாடி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, தறியில் குனிகிற மாதிரியே குனியுங்கள். மடிப்பு எங்கே விழுகிறது, ஸ்டோமா உள்ளே இழுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். உள்ளே போகிறது என்றால் சமதளத் தட்டு நிற்காது. உட்புறம் மேடான தட்டு கிடைக்கிறது, பெல்ட்டோடு போட வேண்டும். மடிப்புப் பள்ளத்தை ஸ்டோமா பேஸ்ட்டோ ரிங்கோ வைத்து நிரப்புங்கள்.

தட்டின் ஓட்டையை இன்னும் ஆபரேஷன் ஆன புதிதில் எடுத்த அளவிலேயே வெட்டுகிறீர்களா? ஸ்டோமா ஆறெட்டு வாரத்தில் சுருங்கிவிடும். சுற்றி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டால் தோல் வெந்துபோகும். வெந்த இடத்தில் ஸ்டோமா பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிற பாசத்தை விட்டுவிடுங்கள், எண்ணெயில் எந்தத் தட்டும் ஒட்டாது.

அம்மாவுக்கு ஸ்டோமாவைச் சுற்றித் தேங்காய் மூடி அளவு புடைப்பு. படுத்தால் அமுங்குகிறது. வலப்பக்கம் மாற்றலாம் என்கிறார் டாக்டர். மாற்றினால் தீர்ந்துவிடுமா? (செவ்வாய்ப்பேட்டை)

தீரலாம், திரும்பவும் வரலாம். ஸ்டோமாவுக்காக வயிற்றுத் தசையில் போட்ட ஓட்டை விரிந்து, பக்கத்தில் குடல் பிதுங்குவதுதான் இந்த ஹெர்னியா. இடம் மாற்றினால் வலப்பக்கம் புதிதாக ஓர் ஓட்டை, இடப்பக்கம் தைத்து மூடின பழைய ஓட்டை. இரண்டிலுமே பிதுங்க வாய்ப்பு உண்டு. அதனால் டாக்டரிடம் கேளுங்கள்: தசையைத் தாங்க வலை (மெஷ்) வைப்பீர்களா, எந்தெந்த இடத்தில்? இருக்கிற இடத்திலேயே வலை வைத்துச் சரி செய்ய முடியாதா? எல்லாவற்றுக்கும் முன்னால், ஸ்டோமாவை எடுத்துவிட்டுக் குடலைத் திரும்ப இணைக்க வழியே இல்லையா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை.

தொந்தரவு இல்லாத புடைப்பு என்றால் ஓட்டை வைத்த சப்போர்ட் பெல்ட் போட்டு, தண்ணிக் குடம் தூக்காமல், இருமலுக்கு வைத்தியம் பார்த்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் புடைப்பு கல் மாதிரி இறுகி வலித்தாலோ, பையில் எதுவும் வராமல் வாந்தி எடுத்தாலோ, ஸ்டோமா கறுத்தாலோ, ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

ஏற்காட்டுக்கு ஏறும்போது பை பலூன் மாதிரி உப்புகிறது. மலைக்கு நாம் ஆகாதோ?

நான் காபித் தோட்டத்துக் கல்யாணத்துக்கே போய் வந்தேன். மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து பைக்குள் இருக்கிற காற்று விரியும். சேலத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் ஏழில் ஒரு பங்கு கூடும். அடிவாரத்திலேயே பையைக் காலி செய்துவிட்டு 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறுங்கள்.

எனக்கு இலியாஸ்டமி (சிறுகுடலில் வைத்த ஸ்டோமா). வெயிலில் தண்ணியாய்ப் போகிறது. தட்டுவடை செட் சாப்பிடலாமா?

வெறும் தண்ணீராய்க் குடித்துத் தள்ளாதீர்கள், இன்னும் அதிகமாகத்தான் போகும். ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். நம்மூர் ஜவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் கெட்டிப்படும், வாழைப்பழமும் அப்படித்தான். ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போய்த் தலை சுற்றினால் டாக்டரைப் பாருங்கள்.

கேரட், பீட்ரூட் துருவல் வைத்த செட்டை, வயிற்றுப்போக்கு நின்ற பிறகு, நன்றாக மென்று சாப்பிடலாம். பச்சைக் கேரட்டை அப்படியே விழுங்கினால் அடைத்துக்கொள்ளும். மறுநாள் பை சிவந்திருந்தால் அலறாதீர்கள், பீட்ரூட்டாக இருக்கும். நான் அலறியிருக்கிறேன்.

இடம் மாற்ற முடிவாகிவிட்டது. மார்க் போட வரச் சொல்கிறார்கள். என்ன கொண்டுபோக?

தினமும் கட்டுகிற பாவாடையும் புடவையும். எனக்கு முதல் தடவை அவசரத்தில், நான் மயக்கத்தில் இருந்தபோது வைத்தது சரியாக நாடா கட்டுகிற இடத்தில் அமைந்துவிட்டது. நாலு வருஷம் நைட்டியிலேயே கழிந்தது. இரண்டாம் முறை நாடாவை இறுக்கிக் கட்டி, நின்று, சம்மணம் போட்டு, குனிந்து காட்டினேன். மடிப்பு, தழும்பு, இடுப்பெலும்பு மூன்றையும் தவிர்த்து, என் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் புள்ளி வைத்தார்கள். படுக்க வைத்து மட்டும் மார்க் போட்டால், “உட்கார்ந்து ஒருதரம் பார்த்துவிடலாம் சிஸ்டர்” என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் வேட்டி கட்டுகிறவர் என்றால் அவருக்கும் இதே கதைதான்.