பியூரிட்டன்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் முதல் ஆங்கிலக் குடியேறிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதி, நன்றி நவிலல் நாள் படங்களிலும் சூனியக்காரி சினிமாக்களிலும் பார்த்ததைப் பற்றியவை. மீதிப் பாதி மதத்தைப் பற்றியவை. இரண்டையும் கலந்தே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

மேஃபிளவர் கப்பலில் வந்தவர்களும் பியூரிட்டன்களும் ஒரே கூட்டமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

ஒரே குடும்பம், இரண்டு பங்காளிகள். இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்த பிறகும் பாதி கத்தோலிக்கமாகவே இருக்கிறது என்று இரு தரப்புக்கும் கோபம். பிஷப்புகள், அங்கிகள், மண்டியிடுதல், பண்டிகைகள் எல்லாம் ஒழிய வேண்டும் என்றார்கள். ‘இந்தச் சபை தேறாது’ என்று வெளியேறியவர்கள் பிரிவினைக்காரர்கள். ஹாலந்தில் லைடன் நகரில் பத்தாண்டுக்கு மேல் இருந்துவிட்டு, 1620-ல் மேஃபிளவரில் ஏறி பிளிமத்துக்கு வந்தவர்கள் இவர்கள்தான். கப்பலில் இருந்த 102 பயணிகளில் எல்லோரும் இந்தச் சபைக்காரர்கள் அல்லர். பிழைப்புத் தேடி வந்தவர்களும் கணிசம். முதல் குளிர்காலத்திலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்துபோனார்கள்.

வெளியேறாமல் உள்ளிருந்தே சபையைத் திருத்தப் பார்த்தவர்களைத்தான் பியூரிட்டன்கள் என்கிறோம். சார்லஸ் மன்னர் 1629-ல் பாராளுமன்றத்தைக் கலைத்ததும் அவர்களுக்கு நம்பிக்கை போனது. 1630-ல் ஜான் வின்த்ராப் தலைமையில் கப்பல் கப்பலாக மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்தார்கள். அடுத்த பத்தாண்டில் சுமார் 20,000 பேர். பிளிமத் கடைசிவரை சின்னக் குடியேற்றம். 1691 சாசனத்தில் மாசசூசெட்ஸ் அதை விழுங்கிவிட்டது. படங்களில் மட்டும் பிளிமத்துக்குத்தான் முதல் மரியாதை.

யார் பரலோகம் போவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்று நம்பினார்களாமே. அப்படியானால் எதற்கு ஒழுக்கமாக வாழ வேண்டும்? (வாசகி, நாகர்கோவில்)

வந்த கேள்விகளில் இதுதான் சாவி. பியூரிட்டன் வாழ்க்கையில் நமக்கு விசித்திரமாகப் படுகிற பலதும் இந்தப் பூட்டுக்குள்தான் இருக்கிறது.

சபைச் சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்த முன்குறித்தல் கொள்கைப்படி, தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் யார் என்பது உலகம் உண்டாவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. நற்செயல் செய்து யாரும் அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது. இதைக் கேட்டவர்கள் ‘அப்படியானால் எப்படியும் வாழலாம்’ என்று கிளம்பியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. பட்டியலில் சேர முடியாதே தவிர, தன் பெயர் அதில் இருக்கிறதா என்பதற்கு அடையாளம் தேடலாம் அல்லவா? தேடினார்கள், ஆயுள் முழுவதும் தேடினார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், மாடு செத்தது, பிரசங்கத்தில் மனம் அலைந்தது: எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி, இது கிருபையின் அடையாளமா, கோபத்தின் அடையாளமா என்று துருவினார்கள். ஒழுக்கம் அவர்களுக்குக் கூலி வாங்கும் வேலையாக இருக்கவில்லை. உள்ளே கிருபை இருந்தால் வெளியே தெரியும் அறிகுறியாக இருந்தது. இதிலும் ஒரு பொறி உண்டு. ‘எனக்கு இரட்சிப்பு நிச்சயம்’ என்று நிம்மதியாக உட்கார்ந்தால், அந்த நிம்மதியே சந்தேகத்துக்குரியது. ஆகவே அவர்களுடைய பக்திக்கு ஓய்வே கிடையாது.

மாசசூசெட்ஸில் இதைச் சட்டமாகவும் ஆக்கினார்கள். சபையின் முழு உறுப்பினர் ஆக, ஞானஸ்நானம் பெற்றிருந்தால் போதாது. கிருபை தன்னிடம் எப்படிச் செயல்பட்டது என்று சபை முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் ஊரின் போதகர் தாமஸ் ஷெப்பர்ட் அப்படிச் சொல்லப்பட்ட சாட்சிகளைக் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். அவற்றில் வீட்டு வேலைக்காரர்களின் குரலும் உண்டு, பெண்களின் குரலும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு பணிப்பெண்ணின் மனப்போராட்டத்தை ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டது சாதாரண விஷயமில்லை. 1631 முதல், காலனியின் ஆட்சியில் வாக்களிக்கவும் ஓர் ஆண் சபை உறுப்பினராக இருக்க வேண்டும் என்றானது.

சிக்கல் அடுத்த தலைமுறையில் வந்தது. துன்புறுத்தலையும் கடலையும் கண்டிராத பிள்ளைகளுக்கு அப்படி உருக்கமான சாட்சி எதுவும் வாய்க்கவில்லை. அவர்களுடைய குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டா இல்லையா? 1662-ல் போதகர்கள் கூடி, ‘பாதி உடன்படிக்கை’ என்று ஒரு சமரசம் செய்தார்கள்: குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு, பெற்றோருக்குத் திருவிருந்தும் சபையில் வாக்கும் கிடையாது. பல சபைகளில் இதற்கே பெரிய சண்டை.

எப்போதும் கறுப்பு உடை, கொக்கி வைத்த தொப்பி. வேறு நிறமே தெரியாதா? (வாசகர், கோவை)

கொக்கித் தொப்பி 19-ஆம் நூற்றாண்டு ஓவியர்களின் கைவண்ணம். நல்ல கறுப்புச் சாயத்துக்கு அன்று விலை அதிகம். வசதியானவர்கள் விசேஷங்களுக்கு உடுத்திய நிறம் அது. சாதாரண நாளில் பழுப்பு, செம்பழுப்பு, பச்சை, நீலம் எல்லாம் உண்டு. பிளிமத் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபர்ட் இறந்தபோது எடுத்த உடைமைப் பட்டியலில் சிவப்பு இடுப்புச் சட்டையும் ஊதா மேலங்கியும் இருக்கின்றன.

உடையில் அவர்கள் கண்டிப்புக் காட்டியது நிறத்தைவிட அந்தஸ்து விஷயத்தில். மாசசூசெட்ஸின் 1651 சட்டப்படி, 200 பவுன் சொத்து இல்லாதவர்கள் தங்க, வெள்ளிச் சரிகையோ பட்டுத் தலைத்துணியோ அணியக் கூடாது. சொத்து உள்ளவருக்குச் சரிகை பாவமில்லை. ‘அவனவன் தன் நிலையில் நிற்கட்டும்’ என்கிற இந்தச் சிந்தனை நம் ஊருக்குப் புதிதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு எப்படிக் கழியும்?

அவர்கள் கணக்கில் ஓய்வு நாள் சனிக்கிழமை சூரியன் மறைந்ததுமே தொடங்கிவிடும். ஞாயிறு அடுப்பு வேலை கூடாது என்பதால் சனிக்கிழமையே பீன்ஸ் பானையை அடுப்புக்குள் வைத்துவிடுவது வழக்கமானது. பாஸ்டனின் பெயர்பெற்ற வேகவைத்த பீன்ஸுக்கு வேர் இங்கேதான் என்பார்கள்.

வழிபாட்டு இடத்தைக் கோயில் மாதிரி யோசிக்காதீர்கள். சிலுவை இல்லை, படம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை, ஆர்கன் இல்லை. மரப்பலகைக் கட்டடம், நடுவில் உயரமான பிரசங்க மேடை. அதே கட்டடத்தில்தான் ஊர்க் கூட்டமும் நடக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். யார் எந்த வரிசை என்பதை வயது, செல்வம், பதவி பார்த்து ஊரே ஒதுக்கும். இதில் வந்த மனத்தாங்கல்களுக்கு அளவில்லை. காலையில் ஒரு முறை, பிற்பகல் ஒரு முறை பிரசங்கம். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தால் பிரசங்கமே இல்லை. மேடையில் மணற்கடிகாரம் வைத்துப் பேசினார்கள். தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பக் கோலோடு ஓர் ஆள்.

கட்டடத்துக்குள் கணப்பு கிடையாது. மாசசூசெட்ஸ் குளிரில் இதற்கு என்ன அர்த்தம் என்பதற்கு நீதிபதி சாமுவேல் சூவலின் நாட்குறிப்பே போதும்: 1686 ஜனவரியில் ஒரு ஞாயிறு, திருவிருந்து அப்பம் உறைந்து கெட்டியாகி, பிட்டுத் தட்டில் போடும்போது கடகடவென்று சத்தம் போட்டதாம்.

சங்கீதங்களை மட்டும் பாடினார்கள், வாத்தியம் இல்லாமல். அதற்காக எபிரேய மூலத்திலிருந்து தாங்களே மொழிபெயர்த்து 1640-ல் கேம்பிரிட்ஜில் அச்சடித்த சங்கீதப் புத்தகம்தான் அந்தக் காலனிகளில் அச்சான முதல் நூல். செய்யுள் கரடுமுரடு. அழகைவிட வேத வசனத்துக்கு உண்மையாக இருப்பதே முக்கியம் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்கள்.

கிறிஸ்துமஸைத் தடை செய்தார்கள் என்பது நிஜமா? கிறிஸ்தவர்களே எப்படி? (வாசகி, தூத்துக்குடி)

நிஜம். வேதாகமத்தில் தேதியும் இல்லை, கொண்டாடச் சொல்லும் கட்டளையும் இல்லை. எனவே அது மனிதர் கட்டிய பண்டிகை என்பது அவர்கள் வாதம். தவிர, அன்றைய ஆங்கிலக் கிறிஸ்துமஸ் குடியும் சூதும் வீதிக் கூத்துமாக இருந்தது. மாசசூசெட்ஸ் 1659-ல் சட்டம் போட்டது: கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். லண்டன் நெருக்கியதால் 1681-ல் விலக்கிக்கொண்டார்கள்.

1621-ல் பிளிமத்தில் நடந்ததை ஆளுநர் பிராட்ஃபர்டே எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸ் அன்று வழக்கம்போல் வேலைக்குக் கூப்பிட்டார். புதிதாகக் கப்பலில் வந்தவர்களில் பலர், இன்று வேலை செய்ய மனசாட்சி இடம் தரவில்லை என்றார்கள். சரி, விவரம் புரியும்வரை இருங்கள் என்று விட்டுவிட்டு மற்றவர்களோடு போனார். மதியம் திரும்பி வந்தால் அந்த மனசாட்சிக்காரர்கள் தெருவில் பந்தாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டச் சாமான்களைப் பிடுங்கிக்கொண்டு, ‘மற்றவர் வேலை செய்ய நீங்கள் விளையாடுவதற்கு என் மனசாட்சி இடம் தரவில்லை’ என்றாராம். பக்தி என்றால் வீட்டுக்குள் இருங்கள், தெருவில் கும்மாளம் வேண்டாம் என்பது தீர்ப்பு. பியூரிட்டன்களுக்கு நகைச்சுவை தெரியாது என்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பத்தியைத்தான்.

காதல், மது இரண்டும் அவர்களுக்கு ஆகாதவையா?

இரண்டும் ஆகும். பீரும் ஆப்பிள் சைடரும் அன்றாட பானங்கள். மது கடவுளின் நல்ல படைப்பு, குடிவெறிதான் பிசாசுடையது என்று பாஸ்டன் போதகர் இன்க்ரீஸ் மேதர் 1673-ல் பிரசங்கித்தார்.

கல்யாணம் திருவருட்சாதனம் அல்ல, ஒப்பந்தம் என்பதால் அதை நடத்தியவர் போதகரல்லர், மாஜிஸ்திரேட். ஒப்பந்தம் என்றால் முறிக்கவும் வழி வேண்டும். ஆகவே கைவிட்டுப் போதல், விபசாரம் போன்ற காரணங்களுக்கு விவாகரத்து கிடைத்தது. அன்றைய இங்கிலாந்தில் அது ஏறத்தாழ முடியாத காரியம். தாம்பத்தியம் கடமை, மனைவியோடு இரண்டாண்டு சேராமல் இருந்த ஒருவரை பாஸ்டன் சபை நீக்கியபோது அந்தக் குற்றமும் பட்டியலில் இருந்தது. 1630-ல் வின்த்ராப்போடு அதே கப்பலில் வந்த ஆன் பிராட்ஸ்ட்ரீட், எட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபடியே, ஊருக்குப் போன கணவனுக்காக ஏங்கி வெளிப்படையான காதல் கவிதைகள் எழுதினார். திருமணத்துக்கு வெளியே என்றால் கதை வேறு: சவுக்கடி, அபராதம், ஊர் நடுவில் தொழுமரம்.

மதச் சுதந்திரம் தேடி வந்தவர்கள் ஏன் குவேக்கர்களைத் தூக்கில் போட்டார்கள்? (ஆசிரியர், மதுரை)

குவேக்கர்கள், கடவுளின் ஒளி ஒவ்வொருவர் உள்ளேயும் இருக்கிறது என்று நம்பிய இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினர். பியூரிட்டன்கள் பொதுவான மதச் சுதந்திரத்தைத் தேடி வரவில்லை. இதைச் சொல்லாமல் பாடப்புத்தகங்கள் நமக்குத் தீங்கு செய்திருக்கின்றன. தங்கள் நம்பிக்கைப்படி ஒரு சமூகத்தைக் கட்டும் உரிமையை மட்டும் தேடி வந்தார்கள். மற்றவர்களுக்கு எங்களை விட்டு விலகியிருக்க முழுச் சுதந்திரம் உண்டு என்று 1647-ல் ஒரு போதகர் கிண்டலாகவே எழுதினார். ‘மலையின்மேல் இருக்கிற பட்டணம்’ என்று வின்த்ராப் சொன்னதையும் பெருமையாக மட்டும் படிக்கக் கூடாது. உலகமே நம்மைப் பார்க்கிறது, கடவுளோடு செய்த உடன்படிக்கையை மீறினால் தண்டனை எல்லோருக்கும் என்ற பயம் அதில் இருக்கிறது. ஒருவர் தவறினால் ஊருக்கே ஆபத்து என்று நம்புகிறவர்களிடம் சகிப்பு எப்படி வரும்?

போதகர் ரோஜர் வில்லியம்ஸ், அரசு மனசாட்சியில் தலையிடக் கூடாது என்றார், பூர்வகுடிகளின் நிலத்தை மன்னர் பத்திரம் போட்டுக் கொடுக்க முடியாது என்றார்; 1635-ல் நாடு கடத்தல் தீர்ப்பு. போய் நிறுவிய ஊர்தான் பிராவிடன்ஸ். ஆன் ஹட்சின்சன், வீட்டில் பெண்களைக் கூட்டிப் பிரசங்கத்தை அலசியவர். நற்செயலை அடையாளமாகக் காட்டும் போதகர்கள் கிருபையை விட்டுவிட்டார்கள் என்றார். அதாவது நாகர்கோவில் வாசகியின் கேள்விக்கு நான் சொன்ன பதிலையே அவர் ஏற்கமாட்டார். 1637 விசாரணையில் ஆண்கள் எல்லோருக்கும் சளைக்காமல் வாதாடிவிட்டு, கடைசியில் கடவுள் தன்னிடம் நேரடியாகப் பேசினார் என்று சொன்னதும் வழக்கு முடிந்தது.

நாடு கடத்திய குவேக்கர் திரும்பி வந்தால் மரணம் என்று 1658-ல் சட்டம். மேரி டயர் என்ற குவேக்கர் பெண்ணை ஒரு முறை தூக்குமரம்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்; அவர் மறுபடியும் வந்தார். 1660 ஜூன் 1-இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். 1659 முதல் 1661 வரை நான்கு பேர். நிறுத்தியது இங்கிலாந்து மன்னரின் உத்தரவு.

சேலத்தில் சூனியக்காரிகளை எரித்தார்களா?

(நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்.) ஒருவரையும் எரிக்கவில்லை. 1692-ல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள்; வழக்காட மறுத்த கைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். இறந்தவர்களில் ஆண்களும் உண்டு. ‘அவளுடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது’ என்பதை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றதுதான் பெரும்பிழை. தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவர், மேலே சொன்ன உறைந்த அப்பத்தின் சூவல்; 1697-ல் சபை நடுவே எழுந்து நின்று, தன் குற்ற ஒப்புதலைப் போதகர் வாசிக்கக் கேட்டார்.

பூர்வகுடிகளோடு உறவு எப்படி?

கப்பல் வருமுன்பே, 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோய் கடலோர ஊர்களைக் காலி செய்திருந்தது. பிளிமத் எழுந்தது அப்படி வெறிச்சோடிய ஒரு ஊரின் நிலத்தில். அதைக் கடவுள் தங்களுக்காக வழி திறந்ததாக வாசித்தார்கள். எல்லாவற்றிலும் அடையாளம் தேடும் பழக்கத்தின் கொடூரமான முகம் இது. 1637 மே மாதம் மிஸ்டிக்கில் பீக்வாட் இனத்தாரின் ஊரைக் கொளுத்தி, பெண்கள் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். மறுபுறம், போதகர் ஜான் எலியட் பூர்வகுடிகளின் மொழியைக் கற்று முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து 1663-ல் அச்சிட்டார். அமெரிக்காவில் அச்சான முதல் வேதாகமம் ஆங்கிலத்தில் இல்லை. ஆனால் 1675-ல் பூர்வகுடிகளோடு போர் வந்ததும், எலியட்டை நம்பிக் கிறிஸ்தவரானவர்களையே பாஸ்டன் துறைமுகத்தின் மான் தீவில் அடைத்தார்கள். குளிரிலும் பசியிலும் பலர் மடிந்தார்கள்.

நம் பக்கத்தோடு ஏதாவது தொடர்பு உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

நீங்கள் இருக்கும் ஊரிலேயே உண்டு. ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே படிக்க வேண்டும் என்பதால், 50 வீடுகள் உள்ள ஊர் ஒரு ஆசிரியரை வைக்க வேண்டும் என்று மாசசூசெட்ஸ் 1647-ல் சட்டம் போட்டது. அவர்களுடைய சபை மரபில் வந்தவர்கள்தான் 1816-ல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-ல் மதுரைக்கும் வந்த அமெரிக்க மிஷனரிகள். வந்த கையோடு பள்ளி தொடங்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். வட்டுக்கோட்டையில் 1823-ல் தொடங்கிய செமினரியில் படித்தவர்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளை.

இன்னொரு தொடர்பு அவ்வளவு பவித்திரமானதில்லை. 1649-ல் பாஸ்டனில் பிறந்த எலைஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநர்; சொந்த வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்து, புகார்களுக்கிடையே பதவி இழந்தவர். கனெக்டிகட் போதகர்கள் நடத்திய கல்லூரிக்குப் பணமுடை வந்தபோது, போதகர் காட்டன் மேதர் அவருக்கு நயமாகக் கடிதம் எழுதினார். யேல் ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் மன்னரின் படமும் அனுப்பினார். 1718-ல் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு விநோதப் பெயர் வைப்பார்களாமே?

சிலர் வைத்தார்கள். மேஃபிளவரில் வந்த மூப்பர் வில்லியம் புரூஸ்டரின் பிள்ளைகளில் நால்வர் பெயர் அன்பு, மல்யுத்தம், பொறுமை, பயம். பயப்படாதீர்கள், பெரும்பாலான வீடுகளில் ஜானும் மேரியும் சாராவும்தான்.