கண்ணாடியைக் கழற்றும் இடம் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். போன வாரம் லீவில் என் மகனுக்குப் பழைய ‘சூப்பர்மேன்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். 1978ல் வந்தது, கிறிஸ்டோபர் ரீவ் நடித்தது. சின்ன வயதில் டெக் வாடகைக்கு எடுத்து எங்கள் தெருவே உட்கார்ந்து பார்த்த படம். மகன் நாலாம் வகுப்பு. பிளஸ் ஒன் படிக்கிற அக்கா மகனும் கூட இருந்தான்.

சூப்பர்மேன் டிரஸ் போட்டு ஊருக்கு முன்னால் வருவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. அதற்குள் பையன்கள் இரண்டு பேரும் போனைக் கையில் எடுத்துவிட்டார்கள். பறக்கிற சீன் வந்ததும் அக்கா மகன், “மாமா, ஆளச் சுத்திக் கோடு தெரியுது, போட்டோவ வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கு” என்று சிரித்தான். வில்லன் கோஷ்டியின் காமெடி எடுபடவில்லை. கடைசியில் பூமியை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டுக் காலத்தைத் திருப்புகிற இடத்தில் நானே சிரித்துவிட்டேன். கிராபிக்ஸ் இன்றைக்கு எங்கேயோ போய்விட்டது. இந்த மாதிரிப் படங்களை இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் காட்டுவதில் அர்த்தம் இருக்கிறதா? இரண்டாம் பாகத்தையும் காட்டலாமா?

அன்புடன்,
ச.,
ஆழ்வார்குறிச்சி

---

அன்புள்ள தம்பி,

இந்தப் படத்தில் ஒரு நிமிஷம் வந்துபோகிற ஓர் இடத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் சில்லறைக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். கோடு தெரிகிறதா என்றால் சில ஷாட்டில் தெரிகிறது. ஆளைக் கம்பியில் தொங்கவிட்டு, பின்னால் திரையில் வானத்தை விழவைத்து எடுத்த காலம் அது. பொம்மையைக் கவண்கல் மாதிரி எறிந்து பார்த்தார்கள். ரிமோட் விமானத்துக்கு சூப்பர்மேன் உருவம் கொடுத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் ஸோரான் பெரிசிக் என்பவர் காமிராவின் ஜூமையும் புரொஜெக்டரின் ஜூமையும் ஒன்றோடொன்று பூட்டினார். இரண்டும் சேர்ந்து நகரும்போது பின்னால் உள்ள வானம் அப்படியே இருக்கும், தொங்குகிற ஆள் மட்டும் கிட்டே வருவதுபோலவும் எட்டப் போவதுபோலவும் தெரியும். அந்த வருஷம் இந்தப் படத்தின் காட்சி வித்தைக்கு ஆஸ்கரில் தனி விருது கொடுத்தார்கள். வில்லன் கோஷ்டியின் காமெடி எனக்கும் ஆகாது. ஜீன் ஹாக்மேன் மாதிரி ஒரு நடிகரை வைத்துக்கொண்டு அப்படி எழுதியிருக்க வேண்டாம். அதை விடுங்கள்.

டிரஸ் போட்டு வர ஒரு மணி நேரம் ஆகிறது என்று குறைப்பட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதை என்னால் விட முடியாது. அந்த ஒரு மணி நேரத்துக்குள்தானே அவனை வளர்த்த அப்பா சாகிறார்? கிளென் ஃபோர்டு அந்த அப்பாவாகச் சில நிமிஷம்தான் வருகிறார். பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளான பையன், ரயிலோடு போட்டிபோட்டு ஓடி, எல்லோருக்கும் முன்னால் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அப்பா அவனைத் திட்டவில்லை. நீ இங்கே வந்து சேர்ந்ததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, அது பந்து விளையாடி ஜெயிப்பதற்கு இல்லை என்கிறார். அப்புறம் இரண்டு பேரும் விளையாட்டாக ஓடுகிறார்கள். பையன் முன்னால் போய்விட்டான். பின்னால் வந்த அப்பா நின்று, தன் கையையே பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் “ஐயோ” என்கிற மாதிரி ஒன்று சொல்லிவிட்டு விழுகிறார். அவ்வளவுதான். ரயிலைத் தோற்கடித்தவன், பத்தடி பின்னால் விழுந்த மனுஷனுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறான். இத்தனை சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று சுடுகாட்டில் அம்மாவிடம் சொல்கிறான். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் போனைக் கொடுத்தது யார் தம்பி?

சரி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

இந்தப் படத்தை நான் பார்த்தது திருநெல்வேலி ஜங்ஷனில், படம் வெளிவந்து சில வருஷம் கழித்து. கூட்டிக்கொண்டு போனது என் தாய்மாமா. திசையன்விளைப் பக்கம் அவருக்குக் கருப்பட்டி வியாபாரம். எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் புரியாது, திரையின் அடியில் எழுத்துப் போடுகிற வழக்கமும் அப்போது கிடையாது. அதனால் ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். யார் எப்படி நிற்கிறார், எப்படித் திரும்புகிறார், கையை எங்கே வைத்துக்கொள்கிறார் என்பதுதான் எங்களுக்குக் கதை.

கூட வேலை பார்க்கிற பத்திரிகைக்காரி லோயிஸ் லேனைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் பறந்துவிட்டு மாடியில் இறக்கிவிட்டுப் போகிறான் சூப்பர்மேன். கொஞ்ச நேரத்தில், தான் யார் என்று மறைத்துத் திரிகிற கிளார்க் கென்ட்டாக, கண்ணாடியும் கோட்டும் டையுமாக, அதே வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே வருகிறான். அவள் கிளம்புவதற்காக அடுத்த அறைக்குப் போகிறாள். இவன் தனியாக நிற்கிறான். சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. கண்ணாடியைக் கழற்றுகிறான். கூனியிருந்த முதுகு நிமிர்கிறது, தோள் இரண்டும் பின்னால் போகின்றன, கழுத்து நீள்கிறது, ஆள் அரையடி வளர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. லோயிஸ், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்கிறான். அதுவரைக்கும் மூக்கால் பேசிக்கொண்டிருந்த குரல் அடிவயிற்றிலிருந்து வருகிறது. அவள் வருகிறாள். இவனுக்குத் தைரியம் போய்விடுகிறது. கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறுகிறது, தோள் இறங்குகிறது, வாய் எதையோ உளறுகிறது. கிளார்க் வந்துவிட்டான். கம்பி இல்லை, திரை இல்லை, ஜூம் இல்லை. அந்த நீல டிரஸ்கூட இல்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமா சொன்னார்: “ஏல, அவன் கண்ணாடியக் கழத்தும்போது தோளப் பாத்தியா?” பறந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மாமா அதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் அவர்தான் சாமிகொண்டாடி, சாமி வந்து ஆடுகிறவர். சிப்பம் சிப்பமாகக் கருப்பட்டி தூக்கி முதுகு கொஞ்சம் வளைந்த ஆள். சத்தமாகப் பேசத் தெரியாது. கடன் கேட்டு வருகிறவனிடம் இல்லை என்று சொல்லக்கூட அத்தையைத்தான் கூப்பிடுவார். கோயில் கொடை விழா அன்றைக்குக் குளித்து, திருநீறு பூசி, சல்லடம் கட்டிக் குல்லா வைத்துவிட்ட பிறகும் அவர் அதே ஆளாகத்தான் நிற்பார். யாராவது பேசினால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், வியர்வையைத் துடைப்பார். வேஷம் முழுசாக இருக்கும், சாமி இருக்காது. வில்லுப்பாட்டில் சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட ஆரம்பிப்பார்கள். இந்தப் பக்கம் கணியான் கூத்துக்காரர்களின் மகுடப் பறையடி இறுகும். முதலில் அவருடைய பிடரியில்தான் தெரியும். அந்த இடத்தில் ஒரு நரம்பு இழுத்துக்கொண்ட மாதிரி தலை பின்னால் போகும். அப்புறம் முதுகு. வளைந்த முதுகு நிமிர்வதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தோள் விரியும். வல்லயம் என்கிற ஈட்டியை வாங்கும்போது கை இன்னொருவருடைய கையாக இருக்கும். சாமக்கொடையில் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகிறபோது, எதிரே வருகிற எவனும் நிற்க மாட்டான், அவருக்குக் கடன் கொடுத்தவன் உட்பட. விடிந்ததும் மறுபடி கருப்பட்டிக் கடையில் தராசுக்குப் பின்னால் அதே கூனலோடு உட்கார்ந்திருப்பார்.

அவர் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சல்லடத்தின் தையல் தெரியும், குல்லாவில் ஒட்டிய ஜிகினா தெரியும். யாரும் சிரிக்கவில்லை. நம்புவதற்கு வேண்டியது அந்த முதுகில் இருந்தது.

ரீவ் சாமியாடிய ஆள் இல்லை, நாடகப் பயிற்சி பெற்ற நடிகர். படத்துக்குத் தேர்வானபோது ஒல்லியாக இருந்தார். டிரஸ்ஸுக்குள் பொய்த் தசை வைத்துத் தைக்கலாம் என்ற யோசனையை ஏற்றுக்கொள்ளாமல், டேவிட் ப்ரௌஸிடம் உடற்பயிற்சி செய்து உடம்பை ஏற்றினார். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வில்லன் டார்த் வேடரின் கவசத்துக்குள் நடமாடினாரே, அந்த ப்ரௌஸ்தான். ரீவ் விமானம் ஓட்டத் தெரிந்தவர், கிளைடரும் ஓட்டுவார். கம்பியில் தொங்கும்போது அந்தப் பழக்கம் உடம்பில் இருந்தது. கவனித்துப் பாருங்கள், திரும்புவதற்கு முன்னால் ஒரு தோள் இறங்கும், பார்வை முந்திக்கொண்டு போகும், அதற்குப் பின்னால்தான் கால் வரும். கனம் உள்ள ஒரு மனுஷன் காற்றில் சாய்கிறான் என்று நம் உடம்புக்குப் புரிகிறது. இப்போது வருகிற படங்கள் பலவற்றில் ஓரம் சுத்தமாக இருக்கிறது, கோடே கிடையாது. ஆனால் பறக்கிற உருவத்துக்கு எடையும் கிடையாது. அது திரும்புகிற வேகத்தில் கழுத்து முறிய வேண்டும், முறிவதில்லை. உங்கள் அக்கா மகன் கோட்டைக் கண்டுபிடித்தான், கெட்டிக்காரன். எடை இல்லாததை அவன் கண்டுபிடிக்கவில்லை. அதை அவனுக்கு யாரும் காட்டித்தரவில்லை. காட்டித்தர வேண்டிய நீங்கள் கிராபிக்ஸ் எங்கேயோ போய்விட்டது என்று அவனோடு சேர்ந்துகொண்டீர்கள். இது நியாயமா?

பூமியைத் திருப்புகிற விஷயத்துக்கு விஞ்ஞானம் பேச வேண்டாம். மனுஷன் பறப்பதை ஒத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நாம். அந்த முடிவின் மீது எனக்கு வேறு வருத்தம் உண்டு. லோயிஸ் மண்ணில் புதைந்து சாகிறாள். இவன் அவளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் கத்துகிறான். பெற்ற தகப்பனின் குரல் மனுஷர்களின் சரித்திரத்தில் தலையிடாதே என்கிறது, வளர்த்த தகப்பனின் குரல் நீ வந்ததற்குக் காரணம் இருக்கிறது என்கிறது. வளர்த்தவர் பக்கம் சாய்ந்து பெற்றவரின் கட்டளையை மீறுகிறான். அதுவரைக்கும் அருமை. ஆனால் செத்தவள் திரும்பி வந்ததும், முன்னால் செத்த அப்பாவின் சாவுக்கும் கனம் குறைந்துவிடுகிறது. உங்களுக்குப் பக்கத்தில்தானே காரையாறு, சொரிமுத்தையனார் கோயில்? அங்கே பட்டவராயனுக்குத் தோல் செருப்பு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். பட்டவராயன் என்கிற அந்த முத்துப்பட்டன், மாட்டைத் திருட வந்தவர்களோடு சண்டைபோட்டுச் செத்தவன். அவன் மனைவிகள் பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்கினார்கள். வில்லுப்பாட்டில் எத்தனை தடவை பாடினாலும் அவனை யாரும் பிழைக்கவைப்பதில்லை. செத்ததனால்தான் அவன் சாமி. ராத்திரியில் போட்டுக்கொண்டு நடப்பான் என்று ஜனங்கள் செருப்பு தைத்துக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தப் படத்தின் முடிவு எப்படி ஒப்பும்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகனுக்கு மறுபடியும் காட்டுங்கள், உடனே வேண்டாம், இரண்டு மூன்று மாசம் போகட்டும். ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு, போன்களை அடுத்த அறையில் வைத்துவிட்டுக் காட்டுங்கள். நடுவில் நீங்கள் விளக்கம் சொல்லக் கூடாது. சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும். ஹெலிகாப்டரிலிருந்து விழுகிற லோயிஸைப் பிடித்து, “உன்னைப் பிடித்துவிட்டேன்” என்று அவன் சொல்ல, அவள் “உன்னை யார் பிடித்திருக்கிறார்கள்?” என்று அலறுகிறாளே, அது சிரிக்கத்தான். அக்கா மகனையும் கட்டாயம் கூப்பிடுங்கள், அவன் கண் கூர்மையான கண். படம் முடிந்த பிறகு அவனிடம் தோளைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் கொடை வந்தால் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள், சாமக்கொடை முடிகிறவரை முழித்திருக்க விடுங்கள். மறுநாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இரண்டாம் பாகத்தைக் காட்டலாம். 1980ல் தியேட்டருக்கு வந்ததையே முதலில் காட்டுங்கள். முதல் பாகம் எடுத்த ரிச்சர்ட் டானர்தான் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தார், நடுவில் அவரை விலக்கிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரை வைத்து முடித்தார்கள். டானர் எடுத்ததை எல்லாம் தேடிச் சேர்த்து 2006ல் தனியாக ஒரு வடிவம் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனால் அப்புறம் அதையும் காட்டுங்கள். பூமி அதிலும் கடைசியில் எதிர்ப்பக்கம் சுற்றும், முதலில் இரண்டாம் பாகத்துக்கென்று யோசித்து வைத்திருந்த முடிவுதான் அது.

அன்புடன்,
அண்ணாச்சி