பம்பரில் கீறல்கூட இல்லை, கழுத்து வலி நிஜமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், மோட்டார் இன்ஷூரன்ஸ் கிளைம் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பிரேக்கிலிருந்து கால் லேசாக நழுவி, என் கார் முன்னால் நின்ற காரின் பின்பக்கம் போய் முட்டியது. இருவரும் இறங்கிப் பார்த்தோம். அவர் பம்பரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, போங்கள்" என்றார். ஃபோன் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டோம். மூன்று வாரம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அவருக்குக் கழுத்து வலியாம், வேலைக்குப் போக முடியவில்லையாம். கூட வந்தவருக்கு முதுகு வலி என்று அவருக்கும் சேர்த்து நஷ்டஈடு கேட்கிறார்கள். கூட யாரும் வந்ததாகவே எனக்கு நினைவில்லை. இதற்கிடையில் ஒருவர் ஃபோன் செய்து, "இன்ஷூரன்ஸ் வரை போகவேண்டாம், கையில் கொடுத்து முடித்துவிடலாம்" என்கிறார். இது பச்சைப் பொய் என்று நினைக்கிறேன். எப்படி நிரூபிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நிரூபிக்கிற வேலை உங்களுடையது அல்ல. முதலில் அந்தச் சுமையை இறக்கி வையுங்கள். அடிபட்டது என்று சொல்கிறவர்தான் அதைக் காட்டவேண்டும். அவர் காட்டுவதைச் சோதித்துப் பார்ப்பது நீங்கள் பிரீமியம் கட்டும் நிறுவனத்தின் வேலை. அன்று கண்ணால் பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அவர்களிடம் சேர்ப்பதுதான் உங்கள் பங்கு.

அதனால் இன்றைக்கே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். நோட்டீஸின் நகலையும் அது வந்த உறையையும் சேர்த்துக் கொடுங்கள். விபத்து நடந்ததும் தெரிவிக்கவேண்டும் என்பது பெரும்பாலான பாலிசிகளில் உள்ள நிபந்தனை. மூன்று வாரம் ஓடிவிட்டதே என்று தயங்கினால் இன்னும் தாமதம்தான் ஆகும். நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது அதைவிட ஆபத்து. எதிர்த்தரப்பு வழக்குப் போட்டு நீங்கள் பதிலே சொல்லவில்லை என்றால், உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடலாம்.

கையில் கொடுத்து முடிக்கலாம் என்று சொன்னவருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவர் யார், யார் சார்பில் பேசுகிறார் என்பதே உங்களுக்குத் தெரியாது. பணம் கைமாறினால் நீங்கள் தப்பை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம். அதன் பிறகும் அவர்கள் வழக்குப் போடலாம். எங்களைக் கேட்காமல் நீங்கள் செய்த ஏற்பாட்டுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனமும் கை விரிக்கலாம். அவர் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து பேசினார் என்று குறித்து வைத்து அதையும் நிறுவனத்திடம் கொடுங்கள். இன்ஷூரன்ஸுக்குச் சொல்லவேண்டாம் என்று யாராவது கேட்டால், அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

இப்போது வலி நிஜமா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். பின்னாலிருந்து இடிபடும்போது உடம்பு சீட்டோடு முன்னால் தள்ளப்படுகிறது, தலை ஒரு கணம் பின்தங்குகிறது. கழுத்துச் சதையும் தசைநாரும் இழுபடுவது அப்போதுதான். வலி அந்த இடத்திலேயே தெரியவேண்டும் என்றில்லை. சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோ, அதற்கு அடுத்த நாளோ கூடத் தலைகாட்டும். ஆகவே அவர் அன்று "ஒன்றுமில்லை" என்றது மட்டும் பொய்க்குச் சாட்சி ஆகாது. கனடாவின் கியூபெக் நிபுணர் குழு 1995-இல் இந்தக் காயத்தை 0 முதல் 4 வரை தரம் பிரித்தது. அதில் 1-ஆம் தரம் என்பது, கழுத்தில் வலியும் இறுக்கமும் இருக்கும், ஆனால் பரிசோதிக்கும் டாக்டரின் கைக்கு எந்த அடையாளமும் சிக்காது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதால் வலி இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதேபோல, ஸ்கேனில் கழுத்தெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு தேய்ந்திருப்பதாக வந்தால் அது உங்கள் கார் முட்டியதால்தான் என்றும் சொல்ல முடியாது. எந்த வலியும் இல்லாத நடுவயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் அந்தத் தேய்மானம் நிறையப் பேரிடம் தெரியும்.

ஜெர்மனியில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 51 பேரைக் காரில் உட்காரவைத்து, பின்னால் ஏதோ இடித்துவிட்டது என்று நம்பும்படி செய்தார்கள். காயப்படுத்தும் அளவுக்கு எந்த மோதலும் நடக்கவில்லை. அப்படியும் அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பிறகு தொந்தரவு இருப்பதாகச் சொன்னார். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, பணம் கேட்கவும் இல்லை. வலி உணர்வு நிஜமாக இருந்து, காரணம் மட்டும் வேறாக இருக்கலாம். இதைத் தெரிந்துவைத்திருப்பது உங்கள் கோபத்தைக் கொஞ்சம் தணிக்கும்.

பம்பரை நம்பியும் எதையும் முடிவு செய்யாதீர்கள். எங்களிடம் வந்த ஒரு ஃபைலில் பின்பக்கத்தில் கீறல்கூட இல்லை, ஆஃபீஸில் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே இருந்த இரும்புப் பட்டை ஒரு பக்கம் உள்வாங்கி வளைந்திருந்தது. பிளாஸ்டிக் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும், இரும்பு திரும்பாது. மேலும், இடித்த நொடியில் கிளைம் கேட்ட பெண் பின்சீட்டில் இருந்த குழந்தையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது வாங்கும் அடி கழுத்துக்கு இன்னும் மோசமானது. அவர் கேட்ட தொகை நியாயமானதுதான், கொடுத்தோம்.

அந்தக் கூடுதல் பயணி விஷயம் வேறு. அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆளே இல்லாத சீட்டில் ஆளை உட்காரவைப்பது பழைய தந்திரம். இன்னொரு ஃபைலில், காரில் நான்கு பேர் இருந்ததாக நான்கு கிளைம்கள் வந்தன. இடித்த பையன் நம்பர் பிளேட்டுக்காக எடுத்த ஒரே ஒரு ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பின்கண்ணாடி வழியே அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருப்பது தெரிந்தது. ஒரு பூனைகூட உட்கார இடமில்லை. பின்சீட்டுக்கு வந்த இரண்டு கிளைம்களும் அங்கேயே நின்றுவிட்டன. உங்கள் ஃபோனில் அன்று எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெட்டாமல், வாட்ஸ்அப்பில் சுருக்காமல், மூலப் படத்தையே கொடுங்கள். அந்தச் சிக்னலிலோ பக்கத்துக் கடையிலோ கேமரா இருந்தால் நிறுவனத்துக்கு உடனே சொல்லுங்கள். அந்தப் பதிவுகள் சீக்கிரமே அழிந்துவிடும்.

அப்புறம், இன்று ராத்திரியே உட்கார்ந்து நடந்ததை எழுதிவிடுங்கள். உங்கள் கார் நின்றிருந்து நகர்ந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா? அவர் எந்தப் பக்கக் கதவைத் திறந்து இறங்கினார், குனிந்தாரா, கழுத்தைத் திருப்பினாரா? வேறு எந்தக் கதவாவது திறந்ததா? நினைவில்லாததை "நினைவில்லை" என்றே எழுதுங்கள். கால் நழுவியதையும் மறைக்காதீர்கள். உங்கள் தரப்பில் ஒரு சின்னப் பொய் பிடிபட்டால், பயணி பற்றி நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. "இவர்கள் மோசடிக்காரர்கள்" என்றும் எழுதவேண்டாம். "ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் இறங்கி நான் பார்க்கவில்லை" என்ற ஒரு வரி அதைவிடப் பலமானது.

கடைசியாக ஒன்று. வழக்கைச் சமரசமாக முடிக்கும் உரிமை பொதுவாகப் பாலிசியிலேயே நிறுவனத்துக்குத்தான் இருக்கும். வழக்குச் செலவைக் கணக்குப் போட்டு ஒரு சிறு தொகை கொடுத்து முடித்தாலும் முடிப்பார்கள். உங்களுக்கு அது கசக்கும், எனக்குத் தெரியும். உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் முன்பே கொடுத்துவிடுங்கள். கேட்கும் தொகை உங்கள் பாலிசியின் வரம்பைத் தாண்டும் என்றால், நிறுவனத்தின் வக்கீலை மட்டும் நம்பாமல் சொந்தமாக ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு கிளைம் கேட்பவர், ஜிம்மில் எடை தூக்கும் படத்தை இணையத்தில் போட்டிருக்கிறார். அதைப் பகிர்ந்து அம்பலப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். நீங்களே அவதூறு வழக்கில் மாட்டிக்கொள்ளலாம், அவரும் உஷாராகி அழித்துவிடுவார். எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தால், தேதி தெரியும்படி சேமித்து நிறுவனத்திடம் கொடுங்கள். நட்புக் கோரிக்கை அனுப்பி உள்ளே நுழைவது, வீட்டு வாசலில் போய்ப் படமெடுப்பது எல்லாம் கூடாது. அது பழைய படமாகவும் இருக்கலாம், அதைச் சரிபார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். நிஜமான காயத்தை ஊதிப் பெருக்குகிறவர்களைச் சட்டம் சும்மா விடுவதில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, உரிமை கோருபவர் அடிப்படையிலேயே நேர்மையற்றவர் என்று நீதிமன்றம் கண்டால், அவருக்கு நியாயமாகக் கிடைக்கவேண்டிய பகுதியையும் சேர்த்தே பொதுவாகத் தள்ளுபடி செய்துவிடும்.

கேள்வி: இடித்த பதற்றத்தில் "ஸாரி" சொல்லிவிட்டேன். அதுவே எனக்கு எதிராகிவிடுமா?

பதில்: அந்த ஒரு சொல்லால் வழக்கு முடிந்துவிடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2006-இல் இதற்கென்றே சட்டம் போட்டது. மன்னிப்புக் கேட்பது தப்பை ஒப்புக்கொள்வதாகாது என்கிறது அது. எல்லா இடத்திலும் இப்படிச் சட்டம் கிடையாது. ஆனால் "ஸாரி, அடிபட்டதா?" என்று கேட்பது வேறு, "எல்லாம் என் தப்பு, முழுச் செலவும் என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்திருந்தால் மட்டும் அந்தக் காகிதத்தின் நகலோடு உடனே நிறுவனத்திடம் போங்கள்.