செர்கேய் பெலோவ்: ஆட்டமும் பயிற்சியும் – கேள்வி பதில்

தொடங்கும் முன் ஒன்று: சோவியத் கூடைப்பந்தில் பெலோவ்கள் இருவர். 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் கடைசிக் கூடையைப் போட்டவர் அலெக்சாந்தர். இங்கே பேசுவது செர்கேய். இருவரும் உறவில்லை.

பயிற்சியாளராக எப்போது இறங்கினார்?
முறைப்படி 1981இல், தான் ஆடிய கிளப்பான சிஎஸ்கேஏ மாஸ்கோவுக்கு. ஆனால் 1971 ஏப்ரலிலேயே ஒரு முன்னோட்டம் நடந்துவிட்டது. ஐரோப்பியக் கோப்பை இறுதி, ஆன்ட்வெர்ப் நகரம், எதிரே இத்தாலியின் இக்னிஸ் வரேசே. பயிற்சியாளர் கோமெல்ஸ்கிக்கு நாட்டைவிட்டு வெளியே போக அனுமதி கிடைக்கவில்லை. பெலோவ் ஆடிக்கொண்டே அணியையும் நடத்தினார். 67-53 வெற்றி.

மியூனிக்கில் கடைசி மூன்று விநாடியைத் திரும்ப ஆடவைத்தது நியாயமா?
அமெரிக்காவை வென்றது 51-50. சக வீரர் எடேஷ்கோ பந்தை எறிந்தார், அலெக்சாந்தர் கூடையில் போட்டார். செர்கேயின் பங்கு அதற்கு முன் சேர்த்த 20 புள்ளிகள். கடிகாரச் சண்டையை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய ஜம்ப் ஷாட்டை (எழும்பி எறிவதை) பழகுவது எப்படி?
பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு வேகமாக வரும்போது கடைசித் தட்டு ஓங்கி விழ வேண்டும். பந்து தானாகக் கைக்கு ஏறும். இரண்டு காலையும் ஊன்றி நின்று, உங்களைத் தடுக்கும் எதிரணிக் காவலர் பின்வாங்கும் அந்த நொடியில் நேர்மேலே எழும்புங்கள். பெரும்பாலோர் ஓடிவந்த வேகத்தோடு முன்னால் சாய்ந்து எறிவார்கள். பந்து வளையத்தின் பின்விளிம்பில் இடிக்கும், இல்லையென்றால் காவலர்மேல் மோதி ஃபவுல் ஆகும். மூன்றடித் தூரத்தில் நடந்து பழகிவிட்டுப் பிறகு ஓடுங்கள்.

தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடை மொத்தம் எத்தனை போட்டார்?
பூஜ்யம். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான பிபா (FIBA) அந்தக் கோட்டைக் கொண்டுவந்தது 1984இல். இவர் ஓய்ந்தது 1980இல்.

பயிற்சியாளராக ரஷ்ய அணிக்குத் தங்கம் வாங்கித் தரவில்லையே?
இல்லைதான். 1994 டொரண்டோ உலகப் போட்டி இறுதியில் அமெரிக்காவிடம் 137-91 என்று நல்ல அடி. 1998 ஏதென்ஸில் அரையிறுதியில் அதே அமெரிக்காவை 66-64 என வென்று, இறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 64-62 என இழந்தார்கள்.

1998இல் வந்த அமெரிக்க அணியில் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) ஆட்களே இல்லை. அதெல்லாம் ஒரு வெற்றியா?
லீக் முதலாளிகள் வீரர்களை வெளியே நிறுத்திய என்பிஏ கதவடைப்பு, உண்மை. ஆனால் அந்த அணிதான் வெண்கலம் வாங்கியது, அதையும் கணக்கில் சேருங்கள். அதைவிடச் சரியான அளவுகோல் இறுதி ஆட்டம்: நட்சத்திர வீரர் போதிரோகா ஆடிய யூகோஸ்லாவியாவிடம் இரண்டே புள்ளி வித்தியாசம்.

அப்போ அதிர்ஷ்டம்னு சொல்லலாமா?
1994 வெள்ளி, 1997 ஐரோப்பிய வெண்கலம், 1998 வெள்ளி. அதிர்ஷ்டம் இத்தனை தடவையா வரும்? சோவியத் உடைந்ததும் சபோனிஸ், மார்ச்சுலியோனிஸ் போன்ற நட்சத்திர வீரர்கள் லிதுவேனியா பக்கம் போய்விட்டார்கள். 1988 சியோல் ஒலிம்பிக் தங்கம் அவர்களை நம்பி வந்தது. மிச்சமிருந்த ஆட்களை வைத்து இவர் செய்ததைப் பாருங்கள்.

கிளப் அளவில்?
பெர்ம் நகரத்தின் ஊரல் கிரேட். 2001, 2002 ரஷ்ய சாம்பியன். அதுவரை கோப்பை சிஎஸ்கேஏயின் குடும்பச் சொத்து மாதிரி இருந்தது. என்னைக் கேட்டால் அவருடைய பயிற்சி வாழ்க்கையில் இதுதான் உச்சம்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியது?
செர்கேய்தான்.

மியூனிக்கில் கடைசிக் கூடை போட்டபோது இவருக்கு என்ன வயது?
முதல் பத்தியைப் படியுங்கள். அலெக்சாந்தருக்கு 20.