ஹெல்த் கார்டு இருக்கிறது, பல்லுக்கு ஏன் காசு?

நீடாமங்கலத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "செப்டம்பரில் கனடாவுக்கு, பிராம்ப்டன் வந்தேன் அண்ணே. பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை, இருக்கிறது. ஏஜென்சி மூலமாக வேர்ஹவுஸ் வேலை. கடைவாய்ப்பல் ஒன்று ராத்திரி தூங்க விடுவதில்லை. ஹெல்த் கார்டை நீட்டினால் பல்லுக்குச் செல்லாது என்கிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு பல் வைத்தியத் திட்டம் இருக்கிறதாமே, எனக்குக் கிடைக்குமா?"

கிடைக்கும் தம்பி, ஆனால் ஜூலைக்கு முன்னால் நம்பாதீர்கள். அதுவரை அந்தப் பல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் கூடாது.

நான் இப்போது லீவில் சீர்காழியில் இருக்கிறேன். நேற்றுத்தான் அம்மாவுக்குப் பல் செட்டு அளவெடுக்க, கொள்ளிடம் தாண்டி சிதம்பரம் பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். ஒரு மாணவி ரோஸ் நிற மாவை ட்ரேயில் குழைத்து வாயில் வைத்து, "அசையாதீங்க பாட்டி" என்று தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் வந்து பார்த்தார், சரியில்லை, மறுபடி எடு என்றார். இரண்டாம் முறையும் முடிந்ததும் அம்மா வாய் கொப்பளித்துவிட்டு, "சுண்ணாம்பு வைக்க மறந்த வெத்தலை மாதிரி இருக்கு" என்றார். முழுக் காலைப் பொழுதும் போனது, செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த வரிசையில் நிற்கும்போதுதான் உங்கள் கேள்வியைப் படித்தேன்.

பிராம்ப்டன் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் உடம்பு வேறு, வாய் வேறு. இதயத்தில் அடைப்பென்றால் ஹெல்த் கார்டு போதும். பல்லில் ஓட்டையென்றால் போதாது. ஆஸ்பத்திரியில் வைத்தே செய்ய வேண்டிய சில தாடை அறுவை சிகிச்சைகளுக்கு மட்டும்தான் ஓஹிப், அதாவது அந்தக் கார்டைக் கொடுக்கும் மாகாண மருத்துவக் காப்பீடு, பணம் கொடுக்கும். இது தெரியாமல் 2011 பிப்ரவரியில் நான் பட்டது போதும். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் வாசம். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டு, மே மாதம் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினேன். ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கி வலது கண் மூடிக்கொண்டது. எமர்ஜென்சியில் ஆறு மணி நேரம் காத்திருந்ததற்கு வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து, "பல் டாக்டரைப் பாருங்கள்" என்று அனுப்பினார்கள். ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்துச் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. பிடுங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் வெற்றிலை போட்டால் பாக்கு அந்தச் சந்தில்தான் போய் உட்காரும்.

அப்போது இல்லாதது இப்போது இருக்கிறது: கனேடியன் டென்டல் கேர் பிளான், மத்திய அரசுத் திட்டம். 2023 டிசம்பரில் முதியவர்களிடம் விண்ணப்பம் வாங்கத் தொடங்கி, 2024 மே மாதம் சிகிச்சை ஆரம்பமானது. உங்களைப் போல 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்கு 2025இல்தான் கதவு திறந்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 90,000 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். 70,000க்குக் கீழே என்றால் திட்டத்தின் கட்டணத்தில் உங்கள் பங்கு எதுவுமில்லை. அதற்கு மேல் 80,000 வரை 40 சதவீதமும், அதையும் தாண்டினால் 60 சதவீதமும் நீங்கள் போட வேண்டும். குடியுரிமை கேட்பதில்லை, வரி கட்டும் குடியிருப்பாளராக இருந்தால் சரி.

சிக்கல் எங்கே என்றால், வருமானத்தை அவர்கள் வரிக்கணக்கை வைத்துத்தான் பார்க்கிறார்கள். திட்டத்தின் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30இல் முடியும். செப்டம்பரில் வந்த உங்களுக்கு இன்னும் ஒரு வரிக்கணக்குகூட இல்லை; இப்போது போடும் கணக்கு வரும் ஜூலையிலிருந்துதான் எடுபடும். சம்பாதித்தது நாலு மாதம்தானே, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரூம்மேட் யாராவது சொல்வார். கேட்காதீர்கள். ஏப்ரல் 30க்குள் கணக்கைத் தாக்கல் செய்து, வருமான வரித் துறையிலிருந்து வரும் மதிப்பீட்டுக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அது வந்த பிறகுதான் விண்ணப்பம். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் இதே கடிதம்தான்.

இன்னொன்று, ஏஜென்சி வருஷா வருஷம் கொடுக்கும் சம்பளக் கணக்கான டி4 படிவத்தில் பாக்ஸ் 45ஐப் பாருங்கள். அதில் 1 என்று இருந்தால் வேலையிடத்தில் பல் காப்பீடு இல்லை என்று அர்த்தம், நீங்கள் தேறிவிட்டீர்கள். வேறு எண் இருந்தால், பிடித்தம் வேண்டாமென்று நீங்களே காப்பீட்டை மறுத்திருந்தாலும், திட்டத்தில் இடமில்லை.

இந்தத் திட்டத்தின் கார்டு வந்ததும் எல்லாம் இலவசம் என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்துவிடாதீர்கள். திட்டம் ஒரு தொகை வைத்திருக்கும், டாக்டர் அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம், அந்த வித்தியாசம் நம் தலையில். திட்டத்தின் பில்களைப் பார்த்துக்கொள்வது சன் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம். "நேராக சன் லைஃபுக்கு பில் போடுவீர்களா, என் கையிலிருந்து எவ்வளவு?" என்று வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேப் போடுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். கார்டு தொடங்கும் தேதிக்கு முன்னால் செய்துகொண்ட எதற்கும் பணம் திரும்ப வராது.

அப்படியானால் இந்தக் கடைவாய்ப்பல்? டொராண்டோ எட்வர்ட் தெருவில் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரம் மாதிரியேதான், மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் வந்து சரிபார்ப்பார். சும்மா இல்லை, காசு உண்டு, ஆனால் வெளியில் கேட்பதைவிடக் குறைவு. ஒரு வேலைக்கு நாலு தடவை நடக்க வேண்டியிருக்கும், ஷிப்டை மாற்றிக்கொள்ளுங்கள். நாளைக் காலையிலேயே போன் போடுங்கள். நடுவில் முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, எச்சில் விழுங்கச் சிரமமாக இருந்தாலோ யோசிக்காமல் எமர்ஜென்சி.

வீட்டுக்காரம்மா கோடையில் வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். கிளம்புவதற்கு முன் தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ பல்லைக் காட்டிவிடச் சொல்லுங்கள். ரூட் கெனால் பாதியில் இருக்கும்போது விமானம் ஏற வேண்டாம், கேப்பும் போட்டு முடித்துக்கொண்டு, எக்ஸ்ரேயைப் பெட்டியில் வைத்து எடுத்து வரட்டும்.