தம்பி புரொஃபஷனல் குத்துச்சண்டைக்குப் போகலாமா?

வணக்கம் சகோதரி. காட்பாடியில் இருக்கும் உங்கள் தம்பி, 60 கிலோ பிரிவு, மாநிலப் பதக்கம் வாங்கியவுடன் ஒருவர் புரொஃபஷனல் ஒப்பந்தம் நீட்டுகிறார், கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம் என்றே சொல்வேன்.

அவன் இப்போது ஆடும் அமெச்சூரில், அதாவது பணத்துக்காக அல்லாத போட்டிகளில், மூன்று நிமிடமாக மூன்று சுற்று. புரொஃபஷனலில் நான்கில் தொடங்கி 12 சுற்று வரை போகும். கையுறையும் அவன் எடைக்கு 10 அவுன்ஸிலிருந்து 8 ஆகிவிடும்; பஞ்சு குறைய, விலாவில் விழும் ஒவ்வொரு குத்தும் உறைக்கும். குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் சிங்கே 2008இல் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கியும் 2015இல்தான் புரொஃபஷனலுக்கு மாறினார்.

முதலில் தேசியப் போட்டியில் ஆடட்டும். ரயில்வே, ராணுவ வேலைக்கு அந்தச் சான்றிதழ் பெரிய பலம். அப்புறம், அந்த ஒப்பந்தத்தைச் சத்துவாச்சாரி கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். எத்தனை வருடம், அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் கேளுங்கள்.