தெருநாய்களுக்காக நாங்களே ஒரு காப்பகம் தொடங்கலாமா?

கேள்வி: தாம்பரத்தை ஒட்டிய குடியிருப்புப் பகுதியில் இருக்கிறோம். எங்கள் நான்கு தெருக்களில் 14 நாய்கள். அவற்றில் ஒன்று போன மாதம் குட்டி போட்டது. மாடிப்படிக்கு அடியில் ஒரு பூனையும் குட்டிகளும் உண்டு. எந்தக் காப்பகத்துக்குப் போன் செய்தாலும் "இடமில்லை" என்கிறார்கள். நாங்கள் 12 குடும்பங்கள், வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் போடத் தயார். காலி மனை ஒன்று வாடகைக்கு வருகிறது. சின்னதாக ஒரு காப்பகம் தொடங்கலாமா? இல்லை, இருக்கிற காப்பகத்துக்கே ஏதாவது செய்வதா? பிள்ளைகளையும் அங்கே அழைத்துப் போக ஆசை.

பதில்: தொடங்க வேண்டாம். உங்கள் மனசைக் குறை சொல்லவில்லை, கணக்கைத்தான் சொல்கிறேன். மாதம் 6,000 ரூபாய் வரும். முழு நேரமாகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்தால் அவர் சம்பளத்துக்கே அது போதாது. அரிசி, கோழி, மருந்து, தண்ணீர் லாரி எல்லாம் அப்புறம். அதோடு, காப்பகம் என்று ஒரு போர்டு மாட்டிய வாரமே இரவோடு இரவாக யாராவது அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்து உங்கள் கேட்டுக்கு வெளியே விட்டுப் போவார்கள். 14 நாய்களுக்காகத் தொடங்கிய இடத்தில் ஆறு மாதத்தில் 40 நாய்கள் நிற்கும். மனைக்காரர் இடத்தை விற்கப்போகிறேன் என்று வந்து நின்றால் அத்தனையையும் கூட்டிக்கொண்டு எங்கே போவீர்கள்?

"இடமில்லை" என்ற பதிலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு காப்பகத்தில் 60 கூண்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஒவ்வொரு பிராணியும் சராசரியாக 60 நாள் தங்கினால், அந்த இடம் ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் ஏற்க முடியும். அதே 60 கூண்டில் தங்கும் காலம் 30 நாளாகக் குறைந்தால் ஒரு நாளைக்கு இரண்டை ஏற்கலாம். செங்கல் ஒன்றுகூட வைக்காமல் காப்பகம் இரண்டு மடங்காகிவிட்டது. நிர்வாகிகளோடு பேசும்போது எத்தனை கூண்டு இருக்கிறது என்பதை விட்டுவிடுங்கள். எந்த வகைப் பிராணி ரொம்ப நாள் தங்குகிறது, ஏன் தங்குகிறது என்று கேளுங்கள். உங்களைப் போன்ற குழுக்கள் கைகொடுக்க வேண்டிய இடம் அதுதான்.

பெரும்பாலும் கிடைக்கும் பதில்: காயம் ஆறியும் அழைத்துப்போக ஆளில்லாத நாய்கள், தாயில்லாக் குட்டிகள், வீட்டில் வளர்த்துவிட்டுக் கைவிட்ட உயர்சாதி நாய்கள். இந்த மூன்றுக்கும் உங்கள் 12 வீடுகளால் நிறையச் செய்ய முடியும்.

குட்டிகளில் தொடங்குகிறேன். ஊரில் நல்ல மனசுள்ளவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. தெருவில் குட்டியைப் பார்த்ததும் காப்பகத்தில் சேர்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறோம். ஆனால் தடுப்பூசி போடாத குட்டிக்கு மிக ஆபத்தான இடம் காப்பகமேதான். பல இடங்களிலிருந்து பிராணிகள் வந்து சேரும் இடம் என்பதால் நாய்க்குட்டிகளுக்குப் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய்களும், பூனைக்குட்டிகளுக்குப் பார்வோவின் உறவுக்காரக் கிருமி ஒன்றும் அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் இதை முழுக்கத் தவிர்க்க முடியாது. பார்வோ தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஆகவே தாய் உயிரோடு இருந்தால் குட்டிகளைத் தாயோடு விட்டுவிடுங்கள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பூனைக்கும் இதேதான். தாய்ப்பூனை இரை தேடி மணிக்கணக்கில் வெளியே போகும். குட்டிகள் தனியாகக் கிடக்கின்றன என்று உடனே தூக்கிவிடாதீர்கள், தூர நின்று சில மணி நேரம் கவனியுங்கள். குட்டிகள் கொழுகொழுவென்று சத்தமில்லாமல் தூங்கினால் தாய் வந்து போகிறது என்று அர்த்தம். விடாமல் கத்தினால், தொட்டால் சில்லென்று இருந்தால் தலையிட வேண்டியதுதான். அப்போதும் முதலில் பால் கொடுக்கக் கூடாது. துணியில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை அருகில் வைத்து உடம்பைச் சூடாக்குங்கள். குளிர்ந்த உடம்பு பாலைச் செரிக்காது. பசும்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடர் வாங்குங்கள். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி குப்புற இருக்க வேண்டும், தலை மட்டும் லேசாக உயர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் பின்புறத்தை மெதுவாகத் துடைத்துவிட்டால்தான் சின்னக் குட்டி சிறுநீர் கழிக்கும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது.

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும் சேர்த்து, இதை எந்தக் காப்பகத்து ஊழியரால் செய்ய முடியும்? 12 வீடுகளில் ஓய்வுபெற்றவர் ஒருவர், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் ஒருவர் இருந்தால் முடியும். ஃபாஸ்டர் என்று சொல்வது இதைத்தான். தத்து இல்லை, சில வாரங்களுக்கு மட்டும் வளர்த்துக் கொடுப்பது. காப்பகத்துக்குப் போய் "எங்களில் மூன்று வீடுகள் ஃபாஸ்டருக்குத் தயார்" என்று சொல்லிப் பாருங்கள், 6,000 ரூபாய் நன்கொடைக்குக் கிடைப்பதைவிட அதிக வரவேற்பு கிடைக்கும்.

எடுப்பதற்கு முன்பே சிலவற்றைப் பேசி முடித்துவிட வேண்டும். வைத்தியச் செலவு யாருடையது, நடுராத்திரி அவசரம் என்றால் எந்த மருத்துவர், எத்தனை வாரத்தில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் — எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கட்டும். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த ஃபாஸ்டர் உங்கள் வீட்டிலேயே முடியும்! ஏற்கெனவே வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அவற்றுக்குத் தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்க வேண்டும். புது வரவை இரண்டு வாரம் தனி அறையிலோ உபயோகிக்காத பாத்ரூமிலோ வையுங்கள். நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒன்று. வெறிநோய்த் தடுப்பூசி 3 மாத வயதில். குட்டி சோர்ந்து சாப்பிட மறுத்தால், வாந்தியோ ரத்தம் கலந்த நாற்றமடிக்கும் பேதியோ கண்டால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். பார்வோ ஒரே இரவில் குட்டியைக் கொண்டுபோய்விடும்.

அந்த அறையைக் கழுவ நம் வீடுகளில் கை தானாகப் பினாயிலைத் தேடும். பினாயில் பார்வோவை ஒன்றும் செய்யாது, பூனைக்கோ அது விஷம். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைத் தேய்த்துக் கழுவுங்கள், பிறகு கடையில் விற்கும் சாதாரண பிளீச் திரவத்தில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் சேர்த்துத் தரையில் 10 நிமிடம் நிற்கவிட்டு அலசுங்கள். குட்டி அப்போது வேறிடத்தில் இருக்கட்டும்.

குட்டி என்று நினைத்து யாரும் அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். தெருவிலிருந்து வந்த குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். பல்லோ நகமோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி அங்கே இலவசம். தொடர்ந்து இந்த வேலையில் இருக்கப் போகிறவர்கள் கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது தத்து. நம் ஊரில் முதல் கேள்வியே "ஆண் குட்டிதானே?" என்பதுதான். பெண் குட்டிகள் அதனாலேயே தங்கிப்போகின்றன. இதற்கு ஒரு நல்ல வழி, ஆறாவது மாதத்தில் கருத்தடைச் செலவை உங்கள் குழுவே ஏற்பதாகச் சொல்லிப் பெண் குட்டியைக் கொடுப்பது. 6,000 ரூபாய்க்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை. போட்டோவைக் கூண்டுக் கம்பிக்குப் பின்னாலிருந்து எடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் கண் மட்டத்தில் எடுங்கள். குழந்தைகளோடு எப்படி, குரைக்குமா, பூனையைத் துரத்துமா என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கேட்டு வருபவர் வாடகை வீடு என்றால் வீட்டு ஓனரிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், திரும்பி வரும் நாய்களில் நிறைய இந்தக் காரணத்தால்தான் வருகின்றன. கொடுத்த பிறகு ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில் போன் செய்யுங்கள். ஒத்துவரவில்லை என்றால் திட்டாமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். திட்டு வாங்குவோம் என்று பயப்படுகிறவர் நாயை நெடுஞ்சாலையில் இறக்கிவிடுவார்.

சரி, உங்கள் தெருவின் 14 நாய்கள்? ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொள்ளக் கஷ்டப்படும் பதில்தான், ஆனாலும் சொல்கிறேன். ஆரோக்கியமாகத் திரியும் தெருநாய்க்குக் காப்பகம் வேண்டாம். கருத்தடையும் தடுப்பூசியும் போதும், இடம் அதே தெருதான். இதைச் சென்னைக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தரவில்லை. 1959-ல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய பிராணிகள் நல அமைப்பான புளூ கிராஸ், நாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு மாற்றாக 1964-லேயே கருத்தடையை முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆனது. நாடு முழுவதற்குமான விதிகள் 2001-ல் வந்தன, இப்போது நடப்பில் இருப்பவை 2023-ன் விதிகள். 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே மாதம் 22-ம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் உள்ளவையும் கடிக்கும் சுபாவம் கொண்டவையும் மட்டும் விலக்கு. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களுக்கு நவம்பரில் தனி உத்தரவு வந்தது, அங்கே பிடித்ததைத் திரும்ப அங்கே விடக் கூடாது. உங்கள் தெருக்கள் அந்தக் கணக்கில் வராது.

கருத்தடை முடிந்த நாய்க்கு அடையாளமாகக் காதில் சின்ன வெட்டு இருக்கும். அது இல்லாதவை எத்தனை என்று ஒரு ஞாயிறு காலை எண்ணி, போட்டோவோடு பட்டியல் எடுங்கள். பெண் நாய்கள் முதலில். பால் கொடுக்கும் தாயை மட்டும் குட்டிகள் தேறும்வரை விட்டுவைக்கலாம். இன்றைக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று செய்தால் பலனே இருக்காது, மிச்சமிருப்பவை குட்டி போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிடும். கருத்தடைக்கு வண்டி அனுப்பச் சொல்லி மாநகராட்சியிடம் மனு கொடுத்துவிட்டு, தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சோறு வைக்கத் தொடங்குங்கள். மாடிப்படி, பிள்ளைகள் விளையாடும் இடம் இரண்டையும் தவிர்த்து ஓரமாக. சோறு வைக்கிறவர் கையால் கயிறு மாட்டினால் நாய் அமைதியாக வண்டியில் ஏறும், வலையை வீசினால் தெருவே ஓடிவிடும். வண்டி வரும் காலையில் மட்டும் எதுவும் போடாதீர்கள். மயக்க மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும்.

பூனைக்கு அரசுத் திட்டங்களை நம்ப முடியாது, அவை பெரும்பாலும் நாய்களுக்கானவை. ஒரு பொறிக்கூண்டை இரவல் வாங்கி, தாய் பால் மறக்கடித்ததும் தனியார் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கூண்டின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தியதும் பூனை அடங்கிவிடும். நான்கு மாதக் குட்டியே சினைப்படலாம் என்பதால் தாமதிக்க வேண்டாம். சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்று குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அப்படிக் கைவிடுவது 1960-ன் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் வாதாடியவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், நம் ஊரில் அந்தப் பெயருக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போங்கள், பிறந்தநாள் கேக் வேண்டாம். பழைய துண்டு, பெட்ஷீட், செய்தித்தாள், அரிசி, பிளீச் இவைதான் அங்கே எப்போதும் தட்டுப்பாடு. கூண்டுக்குக் கூண்டு விரலை விட்டுக் கொஞ்சிக்கொண்டே போனால் நோயும் கூடவே போகும், ஆகவே குட்டிகள் பகுதிக்குள் வேண்டாம். காயம் ஆறிய பெரிய நாய்களை உலாத்திக் கூட்டிப்போக ஆள் கேட்பார்கள், அதற்கு உங்கள் வீட்டுப் பதின்வயதுக்காரர்கள் சரியான ஆட்கள். வீடு திரும்பியதும் செருப்பை வெளியிலேயே கழற்றி பிளீச்சில் கழுவி, உடை மாற்றிக்கொண்டு, அப்புறம் உங்கள் வீட்டுக் குட்டியைத் தொடுங்கள்.